பாட்டுக்கு இடம் இருந்தது, பாடியவருக்கு? அமெரிக்கப் பெந்தெகொஸ்தே சபைகளில் இசையும் நிறவெறியும்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு ஊர். 1914 ஏப்ரலில் சுமார் 300 பெந்தெகொஸ்தேக்காரர்கள் அங்கே கூடினார்கள். நம் ஊரில் ஏ.ஜி. சபை என்று அறியப்படுகிற ‘அசெம்பிளிஸ் ஆஃப் காட்’ அந்தக் கூட்டத்தில்தான் பிறந்தது. வந்திருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள். மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து சார்ல்ஸ் ஹாரிசன் மேசன் என்கிற கறுப்பினப் போதகரும் வந்தார். ‘சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்’ என்ற சபையின் தலைவர் அவர். மிசிசிப்பி மாநிலத்து லெக்சிங்டனிலிருந்து ஒரு பாடகர் குழுவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். குழு பாடியது. மேசன் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு படைப்பின் அதிசயங்களைப் பற்றிப் பிரசங்கித்தார். கூட்டத்தின் முடிவில் புதிய அமைப்பு உருவானது. மேசனும் அவருடைய பாடகர்களும் அதற்கு வெளியே இருந்தார்கள்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அங்கே கூடிய வெள்ளை ஊழியக்காரர்களில் கணிசமானவர்கள் அதுவரை மேசனுடைய சபையின் பெயரைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். அது சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சபை. அதன் பெயரில் ஊழியச் சான்றிதழ் இருந்தால் திருமணம் நடத்தி வைக்கலாம், ரயிலில் போதகர்களுக்கான கட்டணச் சலுகையும் கிடைக்கும். கறுப்பினத் தலைவரின் சான்றிதழ் வேண்டியிருந்தது, பாட்டும் பிடித்திருந்தது. ஒரே நிர்வாகத்தில் உட்காருவதற்குத்தான் மனம் வரவில்லை.

பெந்தெகொஸ்தே இசை நிறவெறியை உடைத்தது என்று பலரும் பெருமையாகச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். 1906 முதல் இன்று வரையான சில நிகழ்வுகளை எடுத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது: வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் நடுவே போடப்பட்ட கோட்டைப் பாட்டு மிகச் சுலபமாகத் தாண்டியது. அதன் பின்னாலேயே அதிகாரமும் பங்கிடப்பட்ட இடங்களில் ஏதோ மாறியது. பங்கிடப்படாத இடங்களில், ‘நாங்கள்தான் உங்கள் பாட்டைப் பாடுகிறோமே’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அதே பாட்டு உதவியது.

பானி ப்ரே தெரு வீட்டில் ஒரு பியானோ

வில்லியம் சீமோர் 1870இல் லூயிசியானாவில் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். 1906 தொடக்கத்தில் ஹியூஸ்டனில் சார்ல்ஸ் பார்ஹாம் என்ற வெள்ளைப் போதகர் ஒரு வேதாகமப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நிய பாஷையே, அதாவது ஆவியின் ஏவுதலால் கற்காத மொழியில் பேசுவதே, அடையாளம் என்பது அவருடைய போதனை. சீமோர் அதைக் கற்க ஆசைப்பட்டார். டெக்சாஸில் இனப் பிரிவினைச் சட்டம் நடப்பில் இருந்ததால் வெள்ளை மாணவர்களோடு அவரை உட்கார வைக்க முடியாது. கதவைத் திறந்து வைத்தார்கள். சீமோர் வெளியே நடைவழியில் உட்கார்ந்து பாடம் கேட்டார். உலகம் முழுவதும் பரவிய ஓர் இயக்கத்தின் முக்கியமான தலைவர் உருவானது வகுப்பறைக்கு வெளியே.

கொஞ்ச காலத்தில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒரு சிறிய கறுப்பினச் சபை அவரை அழைத்தது. அவருடைய போதனை பிடிக்காமல் போய்க் கதவைப் பூட்டியும் விட்டது. அதனால் வீடுகளில் ஜெபக் கூட்டம் நடத்தினார். பானி ப்ரே தெருவில் ரிச்சர்ட், ரூத் ஆஸ்பெரி தம்பதியின் வீடு அதில் ஒன்று. 1906 ஏப்ரல் 9 அன்று இரவு அந்த வீட்டில் பலர் அந்நிய பாஷை பேசினார்கள். அவர்களில் ஜென்னி இவான்ஸ் மூர் என்ற கறுப்பினப் பெண்ணும் ஒருவர். அவர் எழுந்துபோய்ப் பியானோ முன் உட்கார்ந்து வாசித்தபடியே பாடினார் என்று அங்கே இருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர் பியானோ கற்றதே இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். இந்த இயக்கம் தன் தொடக்கத்தை எப்படி நினைவில் வைத்துக்கொண்டது என்பதற்கு அந்தச் சாட்சி முக்கியம். பிரசங்கம் செய்த ஆணின் பக்கத்தில் ஒரு பெண்ணும் ஒரு பியானோவும் அதில் இருக்கிறார்கள். ஜென்னி மூர் 1908இல் சீமோரை மணந்தார்.

கூட்டம் வீட்டில் அடங்கவில்லை. அசுசா தெரு 312ஆம் எண்ணில் ஒரு பழைய கட்டடம் கிடைத்தது. ஒருகாலத்தில் கறுப்பின மெதடிஸ்ட் ஆலயம், பிறகு குதிரை லாயமாகவும் சரக்குக் கிடங்காகவும் ஆனது. தரையில் மரத்தூள், உட்காரப் பலகைகள், பிரசங்க பீடத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள். ஏப்ரல் 18 அன்று ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ இந்தக் கூட்டத்தைக் கேலி செய்து செய்தி போட்டது. அதே விடியற்காலையில்தான் சான் பிரான்சிஸ்கோவைப் பூகம்பம் குலுக்கியது. அப்புறம் கேட்க வேண்டுமா, கூட்டம் பெருகியது. தினமும் மூன்று ஆராதனைகள் என்று சுமார் மூன்று வருடம் நடந்தது.

பாட்டுப் புத்தகம் இல்லாத ஆராதனை

அசுசாவில் என்ன பாடினார்கள், எப்படிப் பாடினார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த ஆய்வின் மையம் அங்கேதான் இருக்கிறது.

ஃபிராங்க் பார்ட்டில்மேன் என்ற வெள்ளைப் பத்திரிகை எழுத்தாளர் அந்தக் கூட்டங்களில் தொடர்ந்து கலந்துகொண்டவர். 1925இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், ஆரம்பத்தில் அங்கே இசைக்கருவிகளே இல்லை, பாட்டுப் புத்தகமும் இல்லை என்று எழுதுகிறார். எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுகளை நினைவிலிருந்து பாடினார்கள். தேற்றரவாளன், அதாவது பரிசுத்த ஆவியானவர், வந்துவிட்டார் என்று அறிவிக்கிற, 1890இல் வெளிவந்த ஒரு பாட்டைத்தான் அதிகம் பாடியிருப்பார்கள் என்கிறார். அதற்கும் மேலே ‘ஆவியில் பாடுதல்’ என்று ஒன்று இருந்தது. ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் சேர்ந்துகொள்வார், சொற்கள் எந்த மொழியிலும் இருக்காது, பல குரல்கள் ஒன்றுக்கொன்று இசைந்து ஏறி இறங்கும். அதைப் பரலோகப் பாடகர் கூட்டம் என்றார்கள்.

இதில் பக்தி இருப்பது போலவே ஒரு சமூக ஏற்பாடும் இருக்கிறது. அக்காலத்து அமெரிக்காவில் ஒவ்வொரு சபைக்கும் ஒரு பாட்டுப் புத்தகம். அதை வாசிக்க எழுத்து தெரிய வேண்டும், நான்கு குரலில் பாட இசைக் குறியீடும் தெரிய வேண்டும். எழுதப் படிக்கக் கற்பதே குற்றமாக இருந்த அடிமைக் காலத்தைக் கடந்து வந்த குடும்பங்களுக்கு அந்தப் புத்தகம் ஒரு மதில்சுவர். புத்தகத்தை எடுத்துவிட்டால் யாருக்குப் பாட்டு தெரியுமோ அவர் தொடங்கலாம். வீட்டு வேலைக்காரப் பெண் தொடங்குவார், ரயில்வே ஊழியர் தொடர்வார். ஒருவர் ஓர் அடியைச் சொல்ல மற்றவர்கள் பதில் அடியைப் பாடும் முறை, கைதட்டல், காலால் தாளம், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி உச்சத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் அடிமைகளின் ஜெபக் கூட்டங்களில் வளர்ந்த வழக்கங்கள். அசுசாவில் வெள்ளையர்கள் அவற்றைக் கற்கும் இடத்தில் இருந்தார்கள். கறுப்பினத்தவர் பாடத் தெரிந்தவர்கள், வெள்ளையர்கள் பின்பாட்டு. நாட்டு வழக்கத்துக்கு நேர் தலைகீழ்.

அந்நிய பாஷையில் பாடும்போது யாருடைய உச்சரிப்பும் மட்டமில்லை. அங்கே வந்த மெக்சிகோ குடும்பங்களுக்கும் புதிதாகக் குடியேறிய ஐரோப்பியருக்கும் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் பாட்டோடு நின்றிருந்தால் அசுசா இன்னொரு உற்சாகக் கூட்டமாகவே போயிருக்கும். மிஷனெரிகளைச் சோதித்து அனுப்பக் கறுப்பினத்தவர், வெள்ளையர், ஆண்கள், பெண்கள் என்று கலந்து 12 பேர் கொண்ட குழு இருந்தது. தலைமை சீமோரிடம். கைகளை வைத்து ஜெபிப்பவர் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். இது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்குக் காஸ்டன் கேஷ்வெல் ஒரு சாட்சி. வட கரோலினாவின் டன் என்ற ஊரிலிருந்து 1906 நவம்பரில் ரயிலேறி வந்த வெள்ளைப் போதகர் அவர். ஒரு கறுப்பின இளைஞர் தலையில் கை வைத்தபோது உடம்பு கூசியது. அறைக்குத் திரும்பிப் போய்த் தனக்குள் போராடினார். பிறகு வந்து, சீமோரும் மற்ற கறுப்பினத்தவரும் தன்மேல் கை வைத்து ஜெபிக்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஊர் திரும்பி அந்த வருடக் கடைசியில் அவர் தொடங்கிய கூட்டங்கள் தென்கிழக்கு மாநிலங்களின் பல சபைகளைப் பெந்தெகொஸ்தேக்குள் கொண்டுவந்தன. கேஷ்வெல்லின் கூச்சம் பாட்டுக் கேட்டபோது வரவில்லை. கை தலையைத் தொட்டபோதுதான் வந்தது.

நிறக்கோடு இயேசுவின் இரத்தத்தில் கழுவப்பட்டுப் போனது என்று பார்ட்டில்மேன் எழுதிய வரி மிகப் பிரபலம். பெந்தெகொஸ்தே மேடைகளில் இன்றும் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். அதற்கடுத்து நடந்ததைச் சொல்கிறவர்கள் குறைவு.

கோடு திரும்பி வந்தது

1906 அக்டோபரில் பார்ஹாம் அசுசாவுக்கு வந்தார். தன் மாணவரின் வெற்றியைப் பார்க்க வந்தவர், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்து ஜெபிப்பதைக் கண்டு அருவருத்தார். அங்கே கண்ட ஆராதனை முறையை இனவெறி தோய்ந்த சொற்களால் பழித்தார். சபை அவரை ஏற்கவில்லை. அவர் அதே ஊரில் போட்டிக் கூட்டம் நடத்திப் பார்த்தார், எடுபடவில்லை. சீமோரின் பத்திரிகையான ‘அப்போஸ்தலிக் ஃபெய்த்’ பல்லாயிரம் பிரதிகள் போய்க்கொண்டிருந்தது. சீமோரின் திருமணத்துக்குப் பிறகு அதன் சந்தாதாரர் முகவரிகள் ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லண்டுக்கு வெள்ளைப் பெண் ஊழியர்கள் கைக்குப் போயின. அதோடு அசுசாவின் குரல் ஓய்ந்தது. 1915இல் சீமோர் தன் சபையின் விதிகளைத் திருத்தி, தலைமைப் பொறுப்புகள் கறுப்பினத்தவருக்கே என்று எழுதினார். பாகுபாட்டுக்காக அல்ல, சமாதானத்துக்காக என்று விளக்கமும் கொடுத்தார். அவர் எவ்வளவு களைத்துப் போயிருப்பார் என்பது அந்த விளக்கத்தில் தெரிகிறது. 1922இல் இறந்தார். கட்டடத்தை 1931இல் இடித்தார்கள்.

எல்லா இடத்திலும் உடனே பிரிந்துவிடவில்லை. இண்டியானாபோலிஸில் கார்ஃபீல்ட் தாமஸ் ஹேவுட் என்ற கறுப்பினப் போதகர் இருந்தார். கறுப்பினப் பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் வரைந்தவர், பாட்டும் எழுதுவார். அவருடைய கிறைஸ்ட் டெம்பிள் சபையில் இரு நிறத்தாரும் உண்டு. பாட்டுத் தொகுப்பைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். அவர் பங்கெடுத்த ‘பெந்தெகொஸ்தல் அசெம்பிளிஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ அமைப்பில் போதகர்களும் தலைவர்களும் இரு தரப்பிலும் இருந்தார்கள். அதனால் சிக்கலும் இருந்தது. தென் மாநிலங்களில் இரு தரப்பும் ஒரே விடுதியில் தங்க முடியாது, ஒரே மேசையில் சாப்பிட முடியாது. எனவே மாநாடுகள் எல்லாம் வடக்கே. தெற்கத்தி வெள்ளைப் போதகர்கள் முணுமுணுத்தார்கள். 1922இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் தங்களுக்கென்று தனி மாநாடு போட்டுப் பார்த்தார்கள். 1924இல் பெரும்பாலான வெள்ளையர்கள் வெளியேறினார்கள்.

அவர்கள் ஹேவுட்டின் பாட்டுகளை விட்டுவிட்டுப் போகவில்லை. இயேசுவின் சிவந்த இரத்த ஓடையைப் பற்றி அவர் எழுதிய பாட்டு அந்த வெள்ளைச் சபைகளிலும் தொடர்ந்து ஒலித்தது. ஒரு சொட்டுக் கறுப்பின இரத்தம் இருந்தாலும் அவர் வெள்ளையர் அல்ல என்று வர்ஜீனியா மாநிலம் சட்டம் போட்டது அதே 1924இல். நாட்டில் இரத்தத்தை அளந்து பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கறுப்பினத்தவர் எழுதிய இரத்தப் பாட்டைப் பாடியபடியே ஒரு கூட்டம் அவரைப் பிரிந்துபோனது. யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

இதே கதையைத் தோரோ ஹாரிஸ் விஷயத்திலும் பார்க்கலாம். கறுப்பின வம்சாவளியில் வந்த பாடலாசிரியர். 1931இல் அவர் எழுதிய ஒரு பாட்டு வெள்ளைப் பெந்தெகொஸ்தே சபைகளில் பரவலாகப் பாடப்பட்டது. 1939இல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் தலைமை, கறுப்பினத்தவருக்கு நாடு தழுவிய ஊழிய அங்கீகாரம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. பாப் ஹாரிசன் என்ற கறுப்பின இளைஞர் அவர்களுடைய வேதாகமக் கல்லூரியிலேயே படித்து 1951இல் பட்டம் பெற்றார். அங்கீகாரம் மறுக்கப்பட்டது. 1962இல்தான் கிடைத்தது.

இசைத்தட்டுக் காலம்

மேசனின் சபையில் தம்புரின், டிரம்ஸ், கிதார், ஊதுகுழல் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. 150ஆம் சங்கீதத்தில் எல்லாம் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். வசதியான கறுப்பினச் சபைகள் இதைப் பார்த்து முகம் சுளித்தன. மதுக்கடை இசையை ஆலயத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்று குறைபட்டார்கள். கண் தெரியாத அரிசோனா டிரேன்ஸ் 1926இல் சிகாகோவில் ஓக்கே இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவுசெய்த பாட்டுகளைக் கேட்டால் அந்தக் குறை எதனால் வந்தது என்று புரியும். பியானோ ராக்டைம் என்கிற அக்காலக் கேளிக்கை இசையின் தாளத்தில் துள்ளுகிறது. வார்த்தை வேதம், விரல் ராக்டைம்.

சிகாகோவின் 40ஆவது தெருவில் இதே சபையின் ஆலயம் ஒன்றில் வளர்ந்தவர் ரோசெட்டா தார்ப். 1915இல் ஆர்கன்சாவில் பிறந்தவர், தாய் ஓர் ஊழியக்காரி. மின்கிதாரை ஏந்தி அவர் பாடிய ஒரு பாட்டு 1945இல் பில்போர்டு பத்திரிகையின் ‘இனப் பதிவுகள்’ பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. பட்டியலின் பெயரே சொல்கிறதே, இசைத்தட்டு விற்பனையிலும் நிறம் பிரித்துத்தான் எண்ணினார்கள். ஜோர்டனேர்ஸ் என்ற வெள்ளையர் பாடகர் குழு அவரோடு தென் மாநிலங்களில் சுற்றுப்பயணம் செய்தது. மேடையில் ஒன்றாகப் பாடுவார்கள். பிறகு உணவகத்துக்குள் தார்ப்பை விடமாட்டார்கள், குழுவில் இருந்தவர்கள் சாப்பாடு வாங்கிவந்து பேருந்தில் கொடுப்பார்கள்.

வெள்ளைப் பெந்தெகொஸ்தே வீடுகளில் வளர்ந்த பையன்கள் இந்த இசையைக் காதால் கற்றார்கள். எல்விஸ் பிரெஸ்லியின் குடும்பம் ஏ.ஜி. சபையைச் சேர்ந்தது. ஜெர்ரி லீ லூயிஸ் டெக்சாஸின் வாக்சஹாச்சியில் இருந்த அச்சபையின் வேதாகமப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார், பக்திப் பாட்டைப் பூகி தாளத்தில் வாசித்ததற்காக. அந்த இசைக்கு உலகப் புகழும் பணமும் வந்தபோது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தார்ப்பை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2018இல், அவர் இறந்து 45 வருடங்கள் கழித்து.

தார்ப் சிறுமியாக இருந்தபோது பாடிய அந்தச் சபைதான் பின்னாளில் ராபர்ட்ஸ் டெம்பிள். 1955 செப்டம்பரில், மிசிசிப்பியில் வெள்ளையர்களால் அடித்துக் கொல்லப்பட்ட 14 வயது கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் உடல் திறந்த பெட்டியில் வைக்கப்பட்டது அந்த ஆலயத்தில்தான். மார்ட்டின் லூதர் கிங் சுடப்படுவதற்கு முந்தின இரவு, 1968 ஏப்ரல் 3 அன்று, தன் கடைசி உரையை ஆற்றியது மெம்ஃபிஸில் உள்ள மேசன் டெம்பிளில், அதாவது அதே சபையின் தலைமை ஆலயத்தில். வெள்ளைப் பெந்தெகொஸ்தே சபைகள் வாங்கிக்கொண்ட பாட்டுகள் பிறந்த வீடுகள் இவை.

ஆண்ட்ரே கிரவுச்: இரண்டு பக்கமும் பாடியவர்

1942இல் பிறந்த ஆண்ட்ரே கிரவுச்சின் தந்தை கலிபோர்னியாவின் பகோய்மாவில் மேசனுடைய சபையின் போதகர். சபையில் பியானோ வாசிக்க ஆளில்லை. தேவன் உனக்கு இசை தந்தால் அவருக்கே வாசிப்பாயா என்று தந்தை கேட்டாராம். சில வாரங்களில் பையன் வாசித்துவிட்டான் என்பது குடும்பக் கதை. பானி ப்ரே தெருப் பியானோ ஞாபகத்துக்கு வருகிறதல்லவா. பதின்ம வயதிலேயே இயேசுவின் இரத்தம் தன் வல்லமையை இழப்பதில்லை என்ற பொருளில் ஒரு பாட்டு எழுதினார். 1960களில் ‘டிசைப்பிள்ஸ்’ குழுவைத் தொடங்கினார். பின்னாளில் அதில் வெள்ளை இசைக்கலைஞர்களும் சேர்ந்தார்கள். டிரம்ஸ் வாசித்த பில் மேக்ஸ்வெல் அவர்களில் ஒருவர், பல இசைத்தட்டுகளைச் சேர்ந்து தயாரித்தவரும்கூட. முதல் இசைத்தட்டு ரால்ஃப் கார்மைக்கேலின் லைட் ரெக்கார்ட்ஸில் வந்தது. கார்மைக்கேல் ஓர் ஏ.ஜி. போதகரின் மகன்.

கிரவுச்சை நான் இந்த வரலாற்றின் திருப்புமுனையாகப் பார்க்கிறேன். அவருக்கு முன் கறுப்பினப் பாட்டு மட்டும் வெள்ளைச் சபைக்குள் போனது. அவர் பாட்டோடு தானும் போனார். 1972இல் டல்லஸில் நடந்த ‘எக்ஸ்ப்ளோ’ மாநாட்டில் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள் நிறைந்த கூட்டத்தில் பாடினார், அடுத்த வருடம் நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி ஹால் அரங்கில். அவர் எழுதியவை கறுப்பினச் சபைகளின் பாட்டுப் புத்தகத்திலும் வெள்ளைச் சபைகளின் பாட்டுப் புத்தகத்திலும் இடம் பெற்றன. மேடையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் முடிவெடுப்பவர் அவர்தான். வெள்ளைக் கலைஞர்கள் அவருடைய குழுவில் வாசித்தார்கள், அவர் அவர்களுடைய குழுவில் அலங்காரமாக நிற்கவில்லை. தந்தைக்குப் பின் பகோய்மா சபையின் போதகரானவர், பெண்களைப் போதகராக அபிஷேகம் செய்யாத தன் அமைப்பின் வழக்கத்தை மீறி 1998இல் இரட்டைச் சகோதரி சாண்ட்ராவைத் துணைப் போதகராக்கினார். 2015இல் இறந்தார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கிரவுச்சை மேடையேற்றிய வெள்ளைச் சபைகளில் பலவற்றில் அன்றைக்குச் சபையை நிர்வகிக்கிற மூப்பர்களில் கறுப்பினத்தவர் ஒருவரும் கிடையாது. சனிக்கிழமை கச்சேரிக்குக் கலந்து உட்கார்ந்தவர்கள் ஞாயிறு காலையில் அவரவர் சபைக்குப் போனார்கள்.

மெம்ஃபிஸ், 1994

1948இல் அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரில் பெந்தெகொஸ்தே சபைகள் சேர்ந்து ‘பெந்தெகொஸ்தல் ஃபெலோஷிப் ஆஃப் நார்த் அமெரிக்கா’ என்ற ஐக்கியத்தை அமைத்தன. உறுப்பு அமைப்புகள் எல்லாம் வெள்ளையருடையவை. நாட்டின் மிகப் பெரிய பெந்தெகொஸ்தே அமைப்புகளில் ஒன்றான மேசனுடைய சபைக்கு அழைப்பே இல்லை. 46 வருடம் கழித்து, 1994 அக்டோபரில் மெம்ஃபிஸில் கூடி அந்த ஐக்கியத்தைக் கலைத்தார்கள்.

முதலில் வரலாற்றாசிரியர்கள் இரு தரப்பிலிருந்தும் கட்டுரை வாசித்து, நடந்ததைப் பெயர் சொல்லிப் பேசினார்கள். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை, கண்ணீர்க் காட்சிக்கு நேரே போய்விடுகிறார்கள். அக்டோபர் 18 அன்று டொனால்ட் எவன்ஸ் என்ற ஏ.ஜி. போதகர், வெள்ளையர், தண்ணீர்ப் பாத்திரத்தோடு மேடைக்கு வந்து, மேசன் சபையின் பேராயர் இத்தியேல் கிளெமன்ஸின் பாதங்களைக் கழுவி மன்னிப்புக் கேட்டு அழுதார். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பேராயர் சார்ல்ஸ் பிளேக், ஏ.ஜி. அமைப்பின் பொதுத் தலைவர் தாமஸ் ட்ராஸ்கின் பாதங்களைக் கழுவினார். பாதம் கழுவுதல் மேசனுடைய சபையில் ஞானஸ்நானம், திருவிருந்து போல ஒரு நியமம். ஏ.ஜி. சபையில் அப்படி இல்லை. மன்னிப்புக் கேட்க வந்தவர் கறுப்பினச் சபையின் ஆராதனை முறைக்குள் வந்து கேட்டார். அசுசாவில் வெள்ளையர்கள் பின்பாட்டுப் பாடியதற்குப் பிறகு இப்படி ஒன்று நடந்தது அபூர்வம்.

புதிய அமைப்பின் நிர்வாகக் குழுவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சம எண்ணிக்கை. முதல் தலைவர் கிளெமன்ஸ். நிறவெறிக்கு எதிராக ஓர் அறிக்கையும் வெளியிட்டார்கள். மெம்ஃபிஸ் அற்புதம் என்று இதற்குப் பெயர் வந்தது. என் கணக்கில் அந்தச் சம எண்ணிக்கைதான் அற்புதம்.

ஒத்திகை அறையில்

இந்த மாற்றம் உள்ளூர் சபை வரை இறங்கியதா? சமூகவியலாளர் ஜெரார்டோ மார்ட்டி தெற்கு கலிபோர்னியாவில் பல இனத்தவரும் கலந்திருக்கிற சபைகளின் இசையை ஆராய்ந்தார். காஸ்பல் என்கிற கறுப்பினச் சபைப் பாட்டைப் பாடினால் கறுப்பினத்தவர் வருவார்கள், லத்தீன் தாளம் வாசித்தால் மெக்சிகோக்காரர்கள் வருவார்கள் என்று போதகர்கள் நம்புகிறார்கள். அவர் கண்டது வேறு. எந்த இசைப் பாணியும் தானாகக் கலப்பைக் கொண்டுவருவதில்லை. கொண்டுவருவது ஒத்திகை. வாரம் தவறாமல் கூடி, தாளம் தப்பினால் சிரித்து, திருத்தி, சண்டை போட்டு, சேர்ந்து சாப்பிட்டுப் போகிறவர்களுக்குள் உறவு முளைக்கிறது. அவர் இன்னொன்றையும் சுட்டுகிறார். பல சபைகளில் கறுப்பினப் பாடகரை முன்வரிசையில் நிறுத்துவது உண்மையான ஆராதனையின் அடையாளமாக ஆகிவிட்டது. பாடகரே சில நேரம் அதைச் சங்கடமாக உணர்கிறார்.

ஹாட் ஸ்பிரிங்ஸ் மேடையில் பாடியவர்களுக்கு அந்தச் சங்கடம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

இன்றைய ஆராதனை இசை பெரிய தொழில். சபைகள் உரிமக் கட்டணம் கட்டிப் பாட்டுகளைப் பாடுகின்றன, பணம் எழுதியவருக்குப் போகிறது. எனவே யார் எழுதுகிறார்கள் என்பது யாருக்கு வருமானம் என்பதும்கூட. 2018இல் அட்லாண்டாவில் தொடங்கிய மேவரிக் சிட்டி மியூசிக் என்ற ஆராதனை இசைக் குழு, பாட்டு எழுதும் முகாம்களுக்குக் கறுப்பினப் பாடலாசிரியர்களைத் திட்டமிட்டு அழைத்தது. வெள்ளையர் கையிலேயே இருந்த ஆராதனை இசைச் சந்தையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். எலிவேஷன் வோர்ஷிப் என்ற இன்னோர் ஆராதனை இசைக் குழுவுடன் சேர்ந்து 2021இல் வெளியிட்ட தொகுப்பு மறு வருடம் கிராமி விருது வாங்கியது. ஹேவுட் இண்டியானாபோலிஸில் தன் பாட்டைத் தானே அச்சிட்டபோது செய்ததும் இதே காரியம்தான், சிறிய அளவில்.

ஒரு சபையை இந்தக் கண்ணோட்டத்தில் ஆராய வருகிறவருக்கு நான் சொல்வது, ஆராதனையைப் பார்ப்பதற்கு முன் சில சாதாரணக் கேள்விகளைக் கேளுங்கள் என்பதுதான். பாட்டைத் தேர்ந்தெடுப்பது யார்? யாருக்குச் சம்பளம், யார் காணிக்கையாகச் செய்கிறார்கள்? பாடகர் குழுவின் புகைப்படத்தையும் மூப்பர் குழுவின் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது? நாற்பது நிமிட ஆராதனையைப் பார்த்துத் தெரியாதது இரண்டு படங்களில் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு தகவல். 1917இல் அலெக்சாண்டர் ஹவார்டு என்ற கறுப்பினத்தவர் லைபீரியாவுக்கு மிஷனெரியாகப் போக ஏ.ஜி. சபையிடம் விண்ணப்பித்தார். நிறத்தைக் காரணம் காட்டி அனுப்ப மறுத்தார்கள். அவரை அனுப்புவதற்காகவே வடகிழக்கு மாநிலங்களின் கறுப்பினச் சபைகள் சேர்ந்து தனி அமைப்பு ஒன்றைத் தொடங்கின. ஏ.ஜி. சபையும் அந்த அமைப்பும் 2014 பிப்ரவரியில் மிசூரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கறுப்பினச் சபைகள் தங்கள் அமைப்பைக் கலைத்துவிட்டு உள்ளே போகவில்லை. தங்கள் பெயரையும் தலைமையையும் வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்கள்.